கோபிகா குடுத்த எச்சில்

வாங்க மேடம், வாங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது, ப்ளவுஸ் ரெடியான்னு கேக்க வந்திருக்கீங்க. ஆகலை. மத்த டெய்லர்னா அயர்ன் பண்ணக் குடுத்திருக்கேன், நாளைக்கு வாங்கன்னு வாய் கூசாமச் சொல்லிருவாங்க. இந்தப் பஞ்சவர்ணம் அப்படிச் சொல்ற ஆளில்லை. உடம்பு தைச்சாச்சு, கை ஏத்தியாச்சு. கை மடிச்சு ஹெம்மிங் பண்ணணும், ஹூக்கு வைக்கணும், அம்புட்டுத்தான். அந்த ஃபேனுக்குக் கீழ உட்காருங்க. பேசிக்கிட்டே முடிச்சுத் தந்துடுறேன். ரிசப்ஷன் சாயங்காலம்தானே, பொழுது கிடக்கு.

எதனால ஆகலைன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்லிடுறேன். எங்க கோபிகாவோட எச்சில்னால.

சிரிக்காதீங்க மேடம். நீங்க மதுரையில இருந்து மாத்தலாகி இப்பத்தான் இந்த ஊர் பேங்க்குக்கு வந்திருக்கீங்க, உங்களுக்கு எங்க வீட்டுக் கதை தெரியாது. கோபிகா என் ஒரே மக. ப்ளஸ் டூ. அந்தா உள்ள உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருக்கா பாருங்க, நான் பேசுறது காதுல விழாத மாதிரி. எல்லாம் விழுகும். அவங்கப்பா பால் வண்டி ஓட்டுறாரு. சின்னதுல ஒரு தடவை அவர்கூட வண்டியில போனப்ப, பால் ஊத்துற வீட்டுல ஒரு மாடு கன்னு போட முடியாமத் தவிச்சிருக்கு. டாக்டர் வர்றதுக்குள்ள ரெண்டும் போயிருச்சு. பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாம அழுதா. அன்னையிலருந்து மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒரே பிடி. அந்தப் படிப்புக்கு இடம் கம்மியாம் மேடம். அரை மார்க்குல கதவைச் சாத்திருவாங்களாம். அதுலயும் உயிரியல் மார்க்கு குறையவே கூடாதாம். இதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க, அப்பத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

செய்முறைப் பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா. பையை வைக்கிறதுக்கு முன்னாடியே, "அம்மா, நாளைக்கு எங்க பேட்சுக்கு என் எச்சிலைத்தான் எடுக்கப்போறாங்க"ங்கிறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. எச்சிலா? எதுக்கு? யாருக்கு என்ன சீக்கு?

சீக்கெல்லாம் இல்லையாம். பரிசோதனையாம். சோத்தை ரொம்ப நேரம் மென்னா இனிக்குதுல்ல, அது எச்சில்ல இருக்கிற ஒரு சத்துனாலயாம். நொதின்னு சொன்னா. அதுக்கு அமைலேஸ்னு பேரு வேற. நம்ம கஞ்சித் தண்ணியில அயோடின் சொட்டு விட்டா கருநீலமா ஆகுமாம். ஆனா எச்சிலைக் கலந்து கொஞ்ச நேரம் வச்சிருந்தா, அந்த நொதி கஞ்சியில இருக்கிற மாவைத் தின்னு தீர்த்துருமாம். அப்புறம் அயோடின் விட்டா நீலம் வராதாம். சரி, தின்னா தின்னுட்டுப் போகுது. அதுல என்ன பரிசோதனை? சூடுதான் பரிசோதனையாம். ஒரு கண்ணாடிக் குழாயை ஐஸ்ல வைக்கணும். ஒண்ணை உடம்புச் சூடு அளவுக்குத் தண்ணியில வைக்கணும். இன்னொண்ணுல எச்சிலை முதல்லயே நல்லாக் கொதிக்க வச்சுட்டு ஊத்தணும்.

"ஐஸ்ல வச்சா அது சோம்பிக் கிடக்கும்மா, அப்பா காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற மாதிரி. இளஞ்சூட்டுல ஓடி ஓடி வேலை பார்க்கும். கொதிக்க வச்சா அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஆற வச்சாலும் அதால ஒரு வேலையும் ஆகாது."

"அது யாரு மாதிரி?"ன்னு நான் சும்மா கேட்டேன்.

"உன்னை மாதிரி"ங்கிறா. பாருங்க மேடம் வாயை. நான் என்னைக்குக் கொதிச்சிருக்கேன்? இந்தத் தெருவுல யாரை வேணா கேளுங்க. எதிர்த்த கடைக்காரரைத் தவிர யாரை வேணா கேளுங்க.

சரி, எச்சில் குடுக்க உன் வகுப்புல வேற ஆளே இல்லையான்னு கேட்டா, எல்லாப் பிள்ளைகளும் வெக்கப்பட்டு ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துச்சுகளாம். இவ மட்டும் கையைத் தூக்கியிருக்கா. இவ குடுக்கிற எச்சிலை ஒரு கிளாசுல தண்ணி கலந்து வச்சுருவாங்களாம், பேட்சுல இருக்கிற அத்தனை பேரும் அதுலருந்து எடுத்துக்கிருவாங்களாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எங்க வீட்டுல சொம்புல வாய் வச்சு ஒருத்தர் தண்ணி குடிச்சதில்லை மேடம். அண்ணாந்துதான். எச்சில் கையால ஒரு கரண்டியைத் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட வீட்டு எச்சிலைக் கிளாசுல வச்சு ஊரு பிள்ளைகளெல்லாம் சொட்டுச் சொட்டா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிறதா? அதுலயும் வெளியூர்ல இருந்து ஒரு சார் வேற வருவாராம் மார்க் போட.

என்ன பார்க்கிறீங்க? ஓ, நூலா. நுனியை நாக்குல வச்சுக் கூராக்கலைன்னா ஊசிக்குள்ள எப்படிப் போகும்? அது எச்சில்ல சேராது மேடம். அது தொழில்.

எங்க விட்டேன்? ஆங். ராத்திரி பூரா யோசிச்சேன். குடுக்கிறதுன்னு ஆகிப்போச்சு, பிள்ளை கையைத் தூக்கிட்டு வந்திருச்சு. குடுக்கிறதை மரியாதையாக் குடுக்கணும்ல? விருந்தாளி வர்றாகன்னா வீட்டை மொழுகிப் பெருக்குறதில்லையா. காலையில எழுப்பி ரெண்டு தரம் பல் விளக்க வச்சேன். வெந்நியில உப்புப் போட்டுக் கொப்பளிக்க வச்சேன். மஞ்சத்தூள் போட்டு இன்னொரு தரம். அப்புறம் சந்தையில வாங்கி வச்சிருந்த பெரிய நெல்லிக்காய், நல்ல காய், அதை எடுத்துக் குடுத்தேன். நெல்லிக்காய் மென்னா வாய் மணக்கும்ல, தண்ணி குடிச்சா இனிக்கும்ல. போற வழியெல்லாம் மென்னுக்கிட்டுப் போ, ஒரு துண்டைக் கன்னத்துக்குள்ள அடக்கிக்க, சார் கேக்கிற வரைக்கும் துப்பாதேன்னு சொன்னேன்.

"எச்சில் குடுக்கிறதுக்கு முன்னாடி வாயை நல்லாக் கொப்பளிக்கணும்னு எங்க சார் சொல்லியிருக்காரும்மா"ன்னா.

"அது பல்லு விளக்காம வர்றவங்களுக்குச் சொன்னது. உனக்கு எதுக்கு? இம்புட்டும் பண்ணிட்டு அங்க போயிப் பச்சத் தண்ணியில கொப்பளிச்சா எல்லாம் வீணாப்போயிரும்."

அவ வாய்க்குள்ளேயே என்னமோ முனகினா. இவளை எனக்குத் தெரியும். என்கிட்ட ஆமான்னுட்டு அங்க போயி அவ நினைச்சதைத்தான் செய்வா. அதனால அவ கையைப் பிடிச்சு என் தலையில வச்சு, கொப்பளிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னுட்டேன். அழுகிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பண்ணினா. பண்ணிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா. நான் சாமி படத்துக்கு விளக்கேத்திட்டு உங்க துணியைத்தான் மேடம் எடுத்தேன், சத்தியமா. உங்க துணியைத்தான் மொதல்ல எடுத்தேன்.

பொழுது சாய வந்தா. கையைக் கழுவலை, காலைக் கழுவலை, போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டா. சாப்பிடக் கூப்பிட்டேன், வரலை. பரீட்சை எப்படின்னு கேட்டேன், சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலும் இல்லை. அந்த நேரம் பார்த்து மதுமதி வந்தா. இவ கூடப் படிக்கிற பிள்ளை, அடுத்த தெரு. பாவாடை உசரத்தை இறக்கித் தரச்சொல்லி எடுத்துக்கிட்டு வந்தா. அவளை உட்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டேன். என்னடி நடந்துச்சு?

என்ன நடந்துச்சுன்னா, எல்லாக் குழாயும் வெளுத்துப்போச்சாம். இளஞ்சூட்டுல வச்சது வெளுத்துச்சு, அது வெளுக்க வேண்டியதுதான். ஐஸ்ல வச்சதும் வெளுத்துப்போச்சு. கொதிக்க வச்ச எச்சிலை ஊத்தினதும் வெளுத்துப்போச்சு. அயோடின் விட விட நீலம் நிக்கவே மாட்டேங்குதாம். ஒருத்தி குழாய் இல்ல மேடம், அத்தனை பேரு குழாயும்.

"அப்புறம் நீங்கள்லாம் என்னடி எழுதினீங்க?"

"ஐஸ்ல நீலம், இளஞ்சூட்டுல நிறமில்லை, கொதிக்க வச்சதுல நீலம்னு எழுதினோம் அத்தை. புத்தகத்துல அப்படித்தானே இருக்கு"ங்கிறா மதுமதி, வெள்ளந்தியா. "எப்பவும் அப்படித்தான் எழுதுவோம். யாரு குழாயைப் பார்த்தா."

"கோபிகா என்ன எழுதினா?"

"அவ மூணுலயும் நிறமில்லைன்னு எழுதிட்டா. வந்த சார் அதைப் பார்த்துட்டு, கொதிக்க வச்சா நொதி செத்துப்போகும்கிறது கூடத் தெரியாதா, கஞ்சித் தண்ணி ஊத்துனியா இல்லையான்னு கேட்டாரு. ஊத்தினேன் சார், பார்த்ததை எழுதியிருக்கேன்னா. பக்கத்துல எல்லாருக்கும் சரியா வந்திருக்கு, உனக்கு மட்டும் எப்படி வராமப் போகும், கவனமில்லாம செஞ்சுட்டு எதிர்த்துப் பேசுறியான்னுட்டு மார்க்கைக் குறைச்சுட்டாரு அத்தை. நல்லாவே குறைச்சுட்டாரு."

அநியாயத்தைப் பாருங்க. எச்சில் யாருது? என் மகளுது. அந்த எச்சிலை வச்சுப் பரீட்சை எழுதின அத்தனை பேருக்கும் முழு மார்க்கு. எச்சிலுக்குச் சொந்தக்காரிக்கு மார்க்கு கம்மி. அவங்க சாரு, ஜெயசீலன் சாருன்னு விலங்கியல் நடத்துறவரு, பக்கத்துலயே நின்னுக்கிட்டுத் தரையைப் பார்த்தாராம். என் பிள்ளைக்காக ஒரு வார்த்தை வரலையாம்.

உள்ள போயி இவளை உலுக்கினேன். ஏண்டி, அத்தனை பேரும் எழுதினதை நீயும் எழுதித் தொலைச்சா என்ன? போர்வைக்குள்ள இருந்து, "நீலம் வரலைம்மா. வரலைன்னா எப்படி வந்துச்சுன்னு எழுத?"ங்கிறா. அழுகை சத்தம் வெளியில வரக்கூடாதுன்னு தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கா. மாட்டு டாக்டர் கனவு அந்தக் கண்ணாடிக் குழாயோட போச்சுன்னு நினைச்சுட்டா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அரை மார்க்குக்கே கதவைச் சாத்துறவங்க இதுக்கு விடுவாங்களா?

அப்புறம் எங்கிட்டு மேடம் ப்ளவுஸ் தைக்க? உங்க துணியை எடுத்து மேசையில விரிச்சேன். கத்தரியைப் பிடிச்சா கை நடுங்குது. நடுங்குற கையால பட்டுத் துணியை வெட்டலாமா, நீங்களே சொல்லுங்க. கழுத்து ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினா என்னைத்தானே வைவீங்க? அப்படியே மடிச்சு வச்சுட்டேன். அன்னைக்கு நான் தொடாததாலதான் உங்க துணி பிழைச்சுச்சு. அதுக்கு நீங்க எனக்கு நன்றிதான் சொல்லணும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோபிகா வேண்டாம்மா வேண்டாம்மான்னு பின்னாடியே வந்தா. நான் தன்மையாத்தான் மேடம் பேசினேன். கேட்டுல நின்ன வாட்ச்மேன் எதுக்குக் கதவை விட்டுட்டு ஓடினாருன்னு எனக்குத் தெரியாது. பக்கத்து வகுப்பு டீச்சர் எந்திரிச்சு வந்து ஜன்னலைச் சாத்தினாங்க, அது வெயிலுக்காக இருக்கும். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என் மக பொய் எழுதினாளா, இல்லை மத்தவங்க பொய் எழுதினாங்களா? என் கண் முன்னாடி செஞ்சு காட்டுங்க. காட்டாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

ஜெயசீலன் சாரு ஒல்லியான மனுஷன். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. "உட்காருங்கம்மா, பிள்ளைங்க போகட்டும், செஞ்சு பார்த்துருவோம்"னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. நான் தொடலை. அப்புறம் ஆறுதேன்னு குடிச்சேன். சர்க்கரை தூக்கலா இருந்துச்சு.

மணி அடிச்சுப் பிள்ளைகள்லாம் போன பெறகு லேப்பைத் திறந்தாரு. ஐஸ் வாங்கியாறச் சொன்னாரு, அது மீன்கடை ஐஸு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டேன். கஞ்சித் தண்ணி வச்சாரு, வெந்நி வச்சாரு. கோபிகா குழாயெல்லாம் எடுத்து வரிசையா நிறுத்தினா. எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்தாத்தானே நியாயம்? வழியில மெல்லலாம்னு மடியில முடிஞ்சு வச்சிருந்த நெல்லிக்காயை எடுத்து, "இந்தாடி, மெல்லு"ன்னு அவ கையில குடுத்தேன்.

சாரு திரும்பிப் பார்த்தாரு. "அது என்னம்மா?"

"நெல்லிக்காய் சார். சுத்தமான காய். அன்னைக்கும் இதைத்தான் குடுத்து அனுப்பினேன்."

"அன்னைக்கும் இது வாயில இருந்துச்சா?"

"கன்னத்துல அடக்கிக்கிட்டே வந்தா சார். அவ்வளவு சுத்தமான எச்சிலை வேற எந்தப் பிள்ளை குடுக்கும் உங்களுக்கு?"

மனுஷன் அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாரு. கோபிகாவைப் பார்த்தாரு. அவ தரையைப் பார்த்தா. அவரு எந்திரிச்சு ஒரு குழாய்ல வெறும் கஞ்சித் தண்ணியை ஊத்தினாரு. அயோடின் விட்டாரு. மயில் கழுத்து மாதிரி நீலம், என்னா நிறம்ங்கிறீங்க, அந்த நிறத்துல ஒரு பட்டு கிடைச்சா வச்சுத் தைக்கலாம். அதுல எச்சில் ஒரு சொட்டுக் கூட இல்லை, கவனிச்சுக்கங்க. என் நெல்லிக்காயைக் கத்தியால கீறி, சாறைப் பிழிஞ்சு அதுல விட்டு ஆட்டினாரு.

நீலம் போச்சு. பளிச்சுன்னு போச்சு. கஞ்சித் தண்ணி வெள்ளையா நிக்குது.

"நெல்லிக்காய்ல வைட்டமின் சி நிறைய இருக்கும்மா. அது அயோடினோட நிறத்தை எடுத்துரும். மாவு அப்படியேதான் இருக்கும், ஆனா நீலம் வராது. அன்னைக்கு ஐஸும் ஒண்ணும் பண்ணலை, கொதிக்க வச்சதும் ஒண்ணும் பண்ணலை. எல்லாக் குழாயையும் வெளுக்க வச்சது இந்தக் காய்தான்."

பார்த்தீங்களா மேடம்? என் மக எச்சில் நேரம் எடுத்துச் செய்யுற வேலையை என் நெல்லிக்காய் ஒரு நிமிஷத்துல செஞ்சிருச்சு. எனக்குப் பெருமை தாங்கலை. "அப்ப என் மக பார்த்தது நெசம்தானே சார்? வெளுத்தது நெசம்தானே?"ன்னேன்.

"நெசம்தாம்மா. அன்னைக்குப் பார்த்ததை எழுதினது இந்தப் பிள்ளை ஒருத்திதான்."

"அப்ப புத்தகத்துல நெல்லிக்காய் திங்கக்கூடாதுன்னு எழுதாம விட்டது யாரு தப்பு?"

"வாய் கொப்பளிக்கணும்னு அதுல எழுதியிருக்கும்மா"ன்னாரு.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கலை. விட்டுட்டேன்.

அப்புறம் கோபிகாவைக் கொப்பளிக்கச் சொன்னாரு. அவ என்னைப் பார்த்தா. நான் சரின்னு தலையை ஆட்டினப்புறம்தான் தண்ணியை எடுத்தா. அந்த எச்சிலை வச்சு மறுபடி செஞ்சாங்க. ஐஸ்ல வச்சது நீலமாச்சு. இளஞ்சூட்டுல வச்சதுல நீலமே வரலை. கொதிக்க வச்சதை ஊத்தினது நீலமாச்சு. அச்சு அசலாப் புத்தகம்தான். சாரு கொதிக்க வச்சதை எடுத்து மறுபடி இளஞ்சூட்டுல வச்சும் காட்டினாரு, ம்ஹூம், நீலம் அசையலை. ஐஸ்ல இருந்ததை வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்து வச்சா, கொஞ்சங் கொஞ்சமா வெளுத்து வந்துச்சு. கோபிகா அதையே உத்துப் பார்த்துக்கிட்டு நின்னா. முந்தின நாள்லருந்து செத்த மாதிரி கிடந்த பிள்ளை முகத்துல அப்பத்தான் உசுரு வந்துச்சு. பரீட்சையில தோத்ததே மறந்துபோச்சு அதுக்கு. "சார், குளிர்ல வச்சது சும்மா தூங்குது, சாகலை"ன்னு அவருகிட்டச் சொல்லிச் சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரலை. அப்ப மார்க்கு?

கொஞ்சம் கையை நீட்டுங்க மேடம். கை அளவு சரியா இருக்கான்னு பார்த்துக்கிறேன். ம், சரியா இருக்கு. அளவு குடுத்த பெறகு ஒரு சுத்து ஊதியிருக்கீங்க, உள்ள துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன், வேணும்னா பிரிச்சுக்கலாம். ஹூக்குதான் இனி.

சாரு அயோடின் பாட்டிலை மூடி வச்சாரு. "நான் அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும்மா. எல்லாக் குழாயும் வெளுத்ததை நானும் பார்த்தேன். பிள்ளைங்க புத்தகத்தைப் பார்த்து எழுதுறதையும் பார்த்தேன். நான் படிச்சப்ப நானும் அப்படித்தான் எழுதினேன், அதனால பேசாம நின்னுட்டேன். நடந்ததை மேல எழுதிப் போடுறேன். மார்க்கு திரும்பக் கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா எழுதிப் போட்டா மத்த பிள்ளைங்க எழுதினதையும் எடுத்துப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும் சார். நல்லாப் பார்க்கட்டும்"னேன்.

"அம்மா, வேண்டாம்மா"ன்னா கோபிகா. "மதுமதிக்கு வீட்டுல அடி விழும். நான் எழுத்துப் பரீட்சையில சேர்த்து எடுத்துக்கிறேன்மா. விட்டுரும்மா."

விடுறதா? ஒரு நாள் பூரா கடையைப் போட்டுட்டு, டீ குடிச்சுட்டு, மீன் ஐஸ் நாத்தத்தை மோந்துக்கிட்டு நின்னது விடுறதுக்கா? நீ சும்மா இருடின்னேன். எழுதுங்க சார், இப்பவே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். என் மகளுக்குச் சேர வேண்டியது சேரணும்.

சாரு பேனாவை எடுத்தாரு. எடுத்துட்டு ஒரு கேள்வி கேட்டாரு. "கோபிகா, இதை நான் எழுதியாகணும், அதனால கேக்கிறேன். பேட்சுல எல்லாருக்கும் கொப்பளிக்கணும்னு சொல்லிக்குடுத்ததே நீதான். உனக்குத் தெரியாம இல்லை. பின்ன ஏன் கொப்பளிக்கலை?"

அவ குழாய்களை எடுத்துக்கிட்டுக் கழுவப் போனா. நான்தான் சொன்னேன். "நான் என் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கியிருந்தேன் சார்."

சாருக்குச் சிரிப்பு வந்திருச்சு. வையலை, சும்மா பரிகாசமாத்தான் கேட்டாரு. "சத்தியமா? டாக்டருக்குப் படிக்கப்போற பிள்ளை. கொப்பளிச்சா அம்மாவுக்கு என்னமோ ஆயிரும்னு நீ நம்புறியா?"

கோபிகா அப்ப குழாயைக் கழுவிக்கிட்டு இருந்தா. நிமிரலை. கழுவிக்கிட்டே சொல்றா:

"நம்பலை சார். ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஆனா எதையும் செஞ்சு பார்த்துத்தான் முடிவுக்கு வரணும்னு நீங்கதானே சொல்வீங்க. இதைச் செஞ்சு பார்க்கிறதுக்கு என்கிட்ட ஒரே ஒரு அம்மாதானே சார் இருக்கு."

கேட்டீங்களா மேடம்? எம்புட்டு ஆசைப்பட்ட படிப்பு. குழாய் வெளுக்கும்போதே என்னாலதான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்த சார்கிட்ட எங்கம்மா குடுத்த நெல்லிக்காய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மார்க்கு மிஞ்சியிருக்கும். அத்தனை பேரும் என்னை வச்சுச் சிரிச்சிருப்பாங்க, அதனால சொல்லலை. போர்வைக்குள்ள தலகாணியைக் கடிச்சப்பவும் சொல்லலை.

சாரு பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தாரு, நான் என்ன சொல்லப்போறேன்னு. எனக்காக அவ மறைச்சதை நானே எழுதிக் குடுக்கச் சொல்லவா? "அந்த மார்க்கை நீங்களே வச்சுக்கங்க சார்"னு சொல்லிட்டு, ஈரக் கையோடயே அவளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன்.